கழிப்பறை துர்நாற்றத்துக்கு வீட்டிலேயே ஸ்பிரே: எதை எதனுடன் கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது?

புதுடெல்லி: விருந்தினர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் பல வீடுகளில் கழிப்பறையின் வாடை நினைவுக்கு வருகிறது. கடையில் வாங்கிய நறுமண ஸ்பிரேயை அவசரமாக நான்கு முறை அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினால், சிறிது நேரத்தில் மல்லிகை மணமும் சிறுநீர் வாடையும் கலந்த புதிய நெடி ஒன்று எஞ்சுகிறது. இதனால் சலிப்படைந்த பலர், சமையலறையில் இருக்கும் வினிகர், சமையல் சோடா, எலுமிச்சை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஸ்பிரே தயாரிக்கத் தொடங்கியுள்ளனர்.

இது எளிதான, செலவு குறைந்த வழிதான். முறையாகச் செய்தால் பலனும் உண்டு. ஆனால், கழிப்பறை என்பது வெறும் அறை அல்ல. அங்கே ஏற்கெனவே ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஃபினாயில் எனப் பல இரசாயனங்கள் ஒரே மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் தயாரித்த ஸ்பிரே அவற்றுள் ஒன்றுடன் தவறுதலாகக் கலந்துவிட்டால், வாடையைப் போக்கச் செய்த முயற்சி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். எனவே, எப்படித் தயாரிப்பது என்பதுடன், எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்வது அவசியம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

கழிப்பறை வாடை என்பது ஒரே பொருளின் மணம் அல்ல. வெவ்வேறு இடங்களில் உருவாகும் பல வாயுக்களின் கலவை அது.

புதிதாக வெளியேறும் சிறுநீருக்குப் பெரிய அளவில் நெடி இருப்பதில்லை. அதிலுள்ள யூரியா என்ற பொருளைச் சில பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் கார நெடி எழுகிறது. பேசினின் விளிம்புக்கு அடியிலும், இருக்கையின் கீல்களிலும், தரை ஓடுகளின் இடுக்குகளிலும் தெறித்துக் காய்ந்த சிறுநீர்த் துளிகளே இதற்கு முக்கியக் காரணம். நாளடைவில் இவை மஞ்சள் நிறப் படிவமாக இறுகிவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பயன்படுத்தப்படும் வீடுகளில் சுண்ணாம்புப் படிவமும் சேர்ந்துகொள்வதால், வாடை அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது போவதில்லை.

மலத்தின் வாடைக்குக் காரணங்கள் வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன்தயால் போன்ற கந்தகச் சேர்மங்கள், இண்டோல், ஸ்கேட்டோல் ஆகியவை, புளித்த நெடியுடைய கொழுப்பு அமிலங்கள் எனப் பலவும் அதில் அடங்கும். இவற்றுள் கந்தகச் சேர்மங்களை மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு உணர்ந்துவிடும்.

மூன்றாவது, கழிவுநீர்க் குழாயிலிருந்தோ செப்டிக் டேங்கிலிருந்தோ திரும்பி வரும் வாயு. கழிப்பறை பளிச்சென்று சுத்தமாக இருந்தும் அழுகிய முட்டை வாடை வீசினால், பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். நான்காவது, காற்றோட்டமில்லாத அறையில் ஈரமான கால்மிதியிலும் சுவரிலும் வளரும் பூஞ்சையின் மக்கல் வாடை.

ஆகவே, ஸ்பிரே பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் எந்த வாடை வருகிறது என்பதைக் கண்டறிவது முதல் படியாகும். வீட்டில் இருப்பவர்களின் மூக்கு அன்றாட வாடைக்கு விரைவில் பழகிவிடும் என்பதால், வெளியே சென்று திரும்பியவுடன் கழிப்பறைக்குள் சென்று பார்ப்பது நல்லது.

ஸ்பிரேயால் தீராத வாடை

அழுகிய முட்டை வாடைக்கு எந்த ஸ்பிரேயும் மருந்தாகாது. அதற்கான தீர்வு குழாயில் இருக்கிறது.

ஒவ்வொரு கழிப்பறைக் கோப்பைக்கும் கீழே குழாய் வளைந்து செல்லும். அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நின்று, கழிவுநீர்க் குழாயின் வாயு மேலே ஏறாதபடி தடுக்கும். இதுவே 'வாட்டர் சீல்' எனப்படும் நீர்த்தடுப்பு. 1775-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் எஸ் வடிவ வளைவுக் குழாய் கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றளவும் வீட்டுக் கழிப்பறைகளில் வாடையைத் தடுப்பதற்கான அடிப்படை இதுதான்.

இந்தியாவில் இந்த எளிய தத்துவம் பெரும் சமூக மாற்றத்துக்கும் துணை நின்றது. 1970-ஆம் ஆண்டு பிகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், மலம் அள்ளும் இழிநிலையை ஒழிக்கும் நோக்கில் இரட்டைக்குழிக் கழிப்பறையைப் பரவலாக்கினார். செங்குத்தான சரிவு கொண்ட கோப்பையும், 20 மில்லிமீட்டர் அளவே கொண்ட நீர்த்தடுப்பும் அதன் சிறப்பு. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே அது சுத்தமாகிவிடும். விரற்கடை அளவுத் தண்ணீர் வாடையையும் ஈக்களையும் தடுத்து நிறுத்துகிறது என்பதே இதன் பாடம்.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்ட பிறகு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஊரகப் பகுதிகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்தது. கட்டப்பட்ட கழிப்பறை தொடர்ந்து பயன்பாட்டில் இருக்க வேண்டுமெனில், அதற்குள் வாடையின்றிச் சென்றுவர முடிய வேண்டும். அந்த வகையில் வாடை என்பது வசதி சார்ந்த சிறு குறை மட்டுமல்ல, சுகாதாரம் சார்ந்த கேள்வியும்கூட.

வீடுகளில் நீர்த்தடுப்பு பெரும்பாலும் தரை வடிகாலில்தான் பழுதாகிறது. விருந்தினர் அறையின் குளியலறை பல நாட்கள் பூட்டிக் கிடக்கும்போது வடிகாலின் கீழுள்ள தண்ணீர் ஆவியாகிவிடும். தடுப்பு இல்லாமல் போனதும் வாயு நேராக அறைக்குள் ஏறும். வாரம் ஒருமுறை இரண்டு குவளை தண்ணீரை வடிகாலில் ஊற்றினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் கீழ்வீட்டில் வாடை வந்தால், குழாயின் காற்றுப்போக்கி அடைபட்டு, நீர்த்தடுப்பு உறிஞ்சப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். இதைக் குழாய்ப் பணியாளர்தான் சரிசெய்ய வேண்டும். செப்டிக் டேங்கின் காற்றுப்போக்கிக் குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கிறதா, அதன் வாயில் பறவைக்கூடோ குப்பையோ அடைத்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு

குழாயில் குறையில்லை என்று உறுதியான பின்னரே ஸ்பிரேக்கு வேலை. அங்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நறுமணம் வாடையை மறைக்கும். அமிலமும் காரமும் வாடைக்குக் காரணமான சில பொருட்களையே மாற்றிவிடும்.

அம்மோனியா காரத்தன்மை உடையது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதனுடன் சேரும்போது, எளிதில் ஆவியாகாத உப்பாக அது மாறுகிறது. காற்றில் கலக்காத பொருளை மூக்கு உணராது. புளித்த நெடி வீசும் கொழுப்பு அமிலங்களுக்கு இதன் நேர்மாறான வைத்தியம் தேவை. இலேசான காரமாகிய சமையல் சோடா அவற்றை உப்பாக்கிவிடும்.

கந்தகச் சேர்மங்களின் மீது இவ்விரண்டும் பெரிதாக வேலை செய்வதில்லை. அவற்றைப் பிடித்து வைக்க, ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படும் துத்தநாக ரிசினோலியேட் போன்ற சேர்மங்கள் துர்நாற்றம் நீக்கும் பொருட்களில் சேர்க்கப்படுகின்றன. வீட்டில் தயாரிக்கும் ஸ்பிரேயில் அது இல்லாததால், மலத்தின் வாடைக்கு வேறொரு உத்தி கையாளப்படுகிறது. வாடை எழும் முன்பே அதை நீருக்கடியில் மூடிவைப்பதே அந்த உத்தி.

முதல் வகை: பயன்படுத்தும் முன் தெளிக்கும் ஸ்பிரே

எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதக்கும் என்பதே இதன் அடிப்படை. கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீரின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவினால், கீழிருந்து எழும் வாயு வெளியேறுவது ஓரளவு தடைபடுகிறது. எண்ணெயின் நறுமணம் மேலே நிற்கிறது. இதே அடிப்படையில் அமைந்த ஸ்பிரே 2007-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வணிகமுறையில் விற்பனையாகி வருகிறது.

தேவையான பொருட்கள் (100 மி.லி. பாட்டிலுக்கு):

- காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அல்லது சுத்திகரித்த குடிநீர்: 70 மி.லி.
- மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்: 25 மி.லி.
- எசென்ஷியல் ஆயில் எனப்படும் நறுமண எண்ணெய்: 20 முதல் 30 துளிகள்
- பாத்திரம் துலக்கும் திரவம்: 2 அல்லது 3 துளிகள்

முதலில் நறுமண எண்ணெயை ஸ்பிரிட்டில் விட்டு நன்கு குலுக்க வேண்டும். பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தையும், கடைசியாகத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். எண்ணெய் சில நிமிடங்களிலேயே பிரிந்து மேலே வரும் என்பதால், ஒவ்வொரு முறையும் குலுக்கிய பின்னரே தெளிக்க வேண்டும். கழிப்பறையைப் பயன்படுத்தும் முன் கோப்பைத் தண்ணீரின் மேல் நான்கைந்து முறை தெளித்தால் போதுமானது.

நறுமணத்துக்கு வெளிநாட்டு எண்ணெயைத் தேட வேண்டியதில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெய் இந்தியாவிலேயே உற்பத்தியாகிறது. சிட்ரால் என்ற பொருள் நிறைந்த இதன் கூர்மையான மணம் கழிப்பறைக்கு ஏற்றது. வட இந்தியாவில் மலையின் பெயரிலேயே 'நீலகிரி எண்ணெய்' என்று அழைக்கப்படும் யூகலிப்டஸ் தைலத்தையும் பயன்படுத்தலாம். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றைச் சேர்க்கக் கூடாது. அவை கோப்பையில் பிசுபிசுப்பாக ஒட்டி அழுக்கைப் பிடித்து வைக்கும்.

இந்தியப் பாணிக் கழிப்பறைகளில் இந்த ஸ்பிரே பெரிதாகப் பயன்படாது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே மலம் தண்ணீருக்குள் விழாமல் சரிவான தளத்திலேயே தங்குகிறது; படலம் அமைய நீர்ப்பரப்பு இல்லை. அத்தகைய கழிப்பறைகளில் பயன்படுத்தும் முன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் தளத்தை நனைப்பதும், இடையிலேயே ஒருமுறை தண்ணீர் ஊற்றுவதும் எந்த ஸ்பிரேயையும்விட நல்ல பலன் தரும். காய்ந்த தளத்தில் ஒட்டுவதுபோல நனைந்த தளத்தில் கழிவு ஒட்டுவதில்லை.

இரண்டாவது வகை: சிறுநீர் வாடைக்கு வினிகர் ஸ்பிரே

கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பொதுவாக 4 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு பங்கு வினிகருடன் ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஸ்பிரே பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம். வினிகரின் நெடி பிடிக்காதவர்கள் பத்துத் துளி எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்க்கலாம். வினிகர் இல்லையெனில், மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் விற்கப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். இதில் புளித்த நெடி இருக்காது.

இதைக் காற்றில் தெளிப்பதால் பயன் குறைவு. இருக்கையின் அடிப்பகுதி, கீல்கள், கோப்பை தரையுடன் சேரும் இடம், பக்கவாட்டுச் சுவர் ஓடுகள், தரை வடிகாலின் மூடி ஆகிய இடங்களில் தெளித்து, 10 முதல் 15 நிமிடங்கள் விட்டு, தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். இறுகிப்போன மஞ்சள் படிவம் இருந்தால், பழைய துணியையோ காகிதத்தையோ நீர் சேர்க்காத வினிகரில் நனைத்து அதன் மேல் இரவு முழுவதும் ஒட்டி வைத்துக் காலையில் தேய்க்கலாம். படிவம் கரையும்போது அதில் தங்கிய வாடையும் அகலும்.

பளிங்கு, கோட்டா கல், மொசைக் தரைகளில் வினிகரையோ எலுமிச்சையையோ தெளிக்கக் கூடாது. இவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரித்துவிடும். மினுமினுப்புப் போய்ச் சொரசொரப்பான தரை, பிறகு அழுக்கையும் வாடையையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். ராஜஸ்தானிலிருந்து நாடெங்கும் செல்லும் மக்ரானா பளிங்கும் கோட்டா கல்லும் பதித்த பல வீடுகளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும். பீங்கான் ஓடுகளில் தெளித்தாலும் நடுவிலுள்ள சிமென்ட் இணைப்புகளில் நீண்டநேரம் தங்கவிடாமல் கழுவிவிடுவது நல்லது.

மூன்றாவது வகை: காற்றில் தெளிக்கும் சோடா ஸ்பிரே

ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை முழுமையாகக் கரைத்து, ஐந்தாறு துளி நறுமண எண்ணெய் சேர்த்து, ஆறியபின் பாட்டிலில் நிரப்பலாம். கரையாத துகள் இருந்தால் பாட்டிலின் முனை அடைத்துக்கொள்ளும் என்பதால் வடிகட்டுவது நல்லது. கால்மிதி, திரைச்சீலை, துடைப்பத்தின் முனை போன்ற ஈரம் தங்கும் பொருட்களில் எழும் புளித்த வாடைக்கு இது உதவும். வாரம் ஒருமுறை புதிதாகத் தயாரித்துக்கொள்ளலாம்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே பாட்டிலில் கலந்தால் இருமடங்கு பலன் கிடைக்கும் என்று கருதுவது தவறு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். இறுதியில் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசலே. மேலும், அப்போது வெளியாகும் கரியமில வாயு மூடிய பாட்டிலை வெடிக்கச் செய்யும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்கலாம். நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு நீங்குவதாக எண்ணிவிடக் கூடாது.

தோலில் தயாராகும் 'பயோ என்சைம்'

அண்மைக்காலமாகப் பல நகரங்களில் பழத்தோலை நொதிக்கவைத்துத் தயாரிக்கும் 'பயோ என்சைம்' கரைசல் பரவலாகி வருகிறது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்பது இதன் அளவு. பிளாஸ்டிக் பாட்டிலில் நான்கில் ஒரு பங்கு இடம் காலியாக விட்டு மூன்று மாதங்கள் வைக்க வேண்டும். முதல் மாதத்தில் வாயு அதிகம் உருவாகும் என்பதால் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்துவது கட்டாயம். கண்ணாடிப் பாட்டிலைத் தவிர்க்க வேண்டும்.

நன்கு நொதித்த கரைசல் அமிலத்தன்மை உடையது. எனவே, வினிகருக்குச் சொன்ன பலன்களும் எச்சரிக்கைகளும் இதற்கும் பொருந்தும். 'இயற்கையானது' என்ற பெயர், பிளீச்சிங் பவுடருடன் இதைச் சேர்க்கலாம் என்ற அனுமதியைத் தருவதில்லை.

ஒருபோதும் கலக்கக் கூடாதவை

கழிப்பறை மூலையில் இருக்கும் பொருட்களில் பிளீச்சிங் பவுடரும், திரவ பிளீச்சும் ஹைப்போகுளோரைட் வகையைச் சேர்ந்தவை. இவற்றுடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். கழிப்பறை கழுவும் பல திரவங்களில் சுமார் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வீட்டில் தயாரித்த வினிகர் ஸ்பிரேயும், எலுமிச்சைக் கரைசலும், பயோ என்சைமும்கூட அமிலங்களே. முதலாம் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே குளோரின், காற்றோட்டமில்லாத சிறிய கழிப்பறைக்குள் ஒரு குவளைக் கலவையிலிருந்து உருவாகக்கூடும். கண் எரிச்சல், இருமல், மார்பில் இறுக்கம் ஆகியவற்றில் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து உயிரிழப்பு வரை அது கொண்டுசெல்லலாம்.

தவிர்க்க வேண்டிய சேர்க்கைகள்:

- பிளீச்சுடன் வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், ஆசிட்: குளோரின் வாயு உருவாகும்.
- பிளீச்சுடன் அம்மோனியா கலந்த திரவங்கள்: குளோரமின் எனப்படும் நச்சு வாயுக்கள் உருவாகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் தண்ணீர் ஊற்றாமல் பிளீச்சைக் கொட்டினாலும் இது நிகழலாம்.
- பிளீச்சுடன் சர்ஜிகல் ஸ்பிரிட் அல்லது சானிடைசர்: குளோரோஃபார்ம் உள்ளிட்ட நச்சுப் பொருட்கள் உருவாகும்.
- வினிகருடன் ஹைட்ரஜன் பெராக்சைடு: தோலையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் பெரசிட்டிக் அமிலம் உருவாகும்.

ஒரே பாட்டிலில் கலந்தால்தான் ஆபத்து என்பதில்லை. காலையில் ஒருவர் கோப்பையில் ஆசிட் ஊற்றி ஊறவிட்டுச் செல்ல, அதை அறியாமல் மற்றொருவர் பிளீச்சிங் பவுடரைத் தூவினாலும் அதே வாயுதான் எழும். ஒரு பொருளைப் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றி முழுமையாக வெளியேற்றிய பின்னரே வேறொன்றைத் தொட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் பயன்படுத்துவது மேலும் பாதுகாப்பானது. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் ஆசிட்டையும் பிளீச்சையும் தாராளமாக ஊற்றினால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அழிந்து, வாடை கூடவே செய்யும்.

குழந்தைகள், நோயாளிகள், வளர்ப்புப் பிராணிகள்

நறுமண எண்ணெய் தாவரத்திலிருந்து கிடைப்பதால் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. யூகலிப்டஸ் தைலத்தைச் சிறு குழந்தைகள் ஓரளவு விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் ஏற்படலாம். கற்பூரமும் அத்தகையதே. எனவே, எண்ணெய்ப் புட்டியும் ஸ்பிரே பாட்டிலும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பூனைகளின் கல்லீரலால் இத்தகைய எண்ணெய்களை எளிதில் சிதைக்க இயலாது என்பதால், பூனை வளர்ப்பவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த நறுமணமும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். அவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் சேர்க்காத வினிகர் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்தி, உலரும் வரை கதவு, ஜன்னலைத் திறந்துவைக்கலாம். வாடையைப் போக்க ஊதுவத்தி ஏற்றுவதும் சரியான மாற்று அல்ல. அதன் புகையில் உள்ள நுண்துகள்கள் நுரையீரலுக்குத் தீங்கானவை.

கழிப்பறையிலும் வாஷ்பேசினிலும் போடப்படும் வெள்ளை நாப்தலின் உருண்டைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பச்சிளம் குழந்தைகளுக்கு, நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கலாம். மிட்டாயைப் போலத் தோன்றும் இந்த உருண்டையைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு.

ஸ்பிரிட் சேர்த்த ஸ்பிரே எளிதில் தீப்பற்றக்கூடியது. குளியலறைக்குள் எரிவாயு கீசர் எரியும்போதோ, விளக்கு, ஊதுவத்தி ஏற்றியிருக்கும்போதோ அதைத் தெளிக்கக் கூடாது.

பெயர் எழுதாத பாட்டில் கூடாது

வீட்டில் தயாரிக்கும் பொருட்களில் மிகப் பெரிய ஆபத்து, அவற்றை நிரப்பும் பாட்டிலில் இருக்கிறது. பழைய குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ வினிகர் கரைசலையும் ஸ்பிரிட்டையும் ஊற்றி வைத்தால், தாகத்தில் வருபவர் அதை எடுத்துக் குடித்துவிட வாய்ப்புண்டு. ஸ்பிரே முனை கொண்ட தனிப் பாட்டிலையே பயன்படுத்தி, உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதியில் தயாரித்தது, எதனுடன் சேர்க்கக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும்.

பல வீடுகளில் கழிப்பறையைக் கழுவுபவர் அந்த ஸ்பிரேயைத் தயாரித்தவர் அல்ல. வீட்டு வேலைக்கு வரும் பெண்களே அந்தப் பணியைச் செய்கின்றனர். நகரங்களில் அவர்களுள் பலர் வேறு மாநிலத்தவர். பாட்டிலில் எழுதியிருக்கும் மொழியை அவர்களால் படிக்க இயலாமல் போகலாம். எனவே, எழுதி ஒட்டுவதுடன் நின்றுவிடாமல், எந்த இரண்டு பாட்டில்களைச் சேர்க்கக் கூடாது என்பதை நேரில் காட்டி விளக்குவதும், கையுறை தருவதும், கழுவும்போது கதவைத் திறந்துவைக்கச் சொல்வதும் வீட்டாரின் பொறுப்பாகும். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே அலமாரியில் வைக்காமல் இருப்பது அதைவிட எளிய பாதுகாப்பு.

தவறு நேர்ந்துவிட்டால்

கலவையிலிருந்து மூச்சை அடைக்கும் நெடி எழுந்தால், அதைக் கழுவிவிட முயலாமல் உடனே வெளியேற வேண்டும். மற்றவர்களையும் வெளியேற்றி, வீட்டின் கதவு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, தூய காற்றுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். இருமலும் மூச்சுத்திணறலும் தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளோரினால் நுரையீரலுக்கு ஏற்படும் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தீவிரமாகலாம் என்பதால், சற்றுத் தெளிந்துவிட்டது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

யாரேனும் ஸ்பிரேயையோ எண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் பாதிப்பு பன்மடங்காகும். நாடு முழுவதும் செயல்படும் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து, குடித்த பொருளின் பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அன்றாடப் பழக்கமே அடிப்படை

ஸ்பிரே என்பது கடைசிப் படி மட்டுமே. அதற்கு முன் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. பயன்படுத்தியவுடன் போதிய தண்ணீர் ஊற்றுவது, மூடி இருந்தால் மூடிவிட்டு ஃப்ளஷ் செய்வது, தரையை ஈரமின்றித் துடைத்துவிடுவது, எக்ஸாஸ்ட் ஃபேனைப் பயன்படுத்திய பின்னும் சிறிது நேரம் ஓடவிடுவது, ஜன்னலைத் திறந்துவைப்பது, கால்மிதியை வெயிலில் உலர்த்துவது, கழிப்பறைத் தூரிகையைத் தண்ணீர் தேங்காத தாங்கியில் வைப்பது ஆகியவற்றை முறையாகப் பின்பற்றினால், பெரும்பாலான வீடுகளில் வாடை தானாகவே குறையும்.

அதன் பிறகும் எஞ்சும் சிறு நெடிக்கு, பெயர் எழுதிய ஒரு பாட்டில் வினிகர் கரைசல் போதுமானது. அதைத் தெளிக்கும் முன், அதே இடத்தில் சற்று முன்னர் வேறு எதுவும் ஊற்றப்பட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது, நறுமணத்தைவிட முக்கியமானது.